வயிற்றுப் பக்கத்துக் கோடு

டி.எச். ரோட்டு மாடியறையில்
ஃபிளெக்ஸ் மை வாடைக்கு நடுவே என் மேஜை.
துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
மவுஸ் ஒரு நூல் நகரும்.
அதனால் கையை நம்புவதில்லை நான்.
சி தட்டினால் நடுவுக்கு நடு,
இ தட்டினால் இடுப்புக்கு இடுப்பு.
ஸ்னாப்பைப் போட்டுவிட்டால் போதும்,
புள்ளியைப் புள்ளி தானே போய்ப் பிடித்துக்கொள்ளும்.

நாலு வருஷம் முன்னால்
காசிமேட்டு ஐஸ் கம்பெனிக்காரர்கள்
ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள்,
அமலதாஸும் கனியும்.
"ஆளுக்கொரு ரவுண்டும்மா.
ஒண்ணுமேல ஒண்ணு ஏறணும்.
ஏறுன எடத்துல மீனு தெரியணும்."

மேலே யார், கீழே யார் என்று
ஒரு டீ ஆறும்வரை பேச்சு.
காசு சுண்டியதில் கனி மேலே.
எண்பது மில்லி விட்டம், இரண்டுக்கும்.
முப்பது மில்லி ஏற்றம்.
இன்டர்செக்ட் கொடுத்ததும்
படுத்த வாக்கில் ஒரு மீன் விழுந்தது.
வாலும் கண்ணும் மட்டும்தான் நான் வைத்தது.

ஆறாயிரத்து நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன்.
மீனுக்கும் வட்டத்துக்கும் இடையில்
மயிரிழை வெள்ளை.
"இது யாரு கண்ணுல படும்?" என்றார் கனி.
கண்ணில் படாது.
ஆனால் ஐஸ் பெட்டியில் ஒட்டினால்
தண்ணீர் அங்கேதான் முதலில் நுழையும்.
மூடிவிட்டுத்தான் எழுந்தேன்.

போன செவ்வாய்
அமலதாஸ் மட்டும் வந்தார்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
"மேல் ரவுண்ட எட்த்துடு.
மீனு இருக்கட்டும்."

ட்ரிம் செய்து காட்டினேன்.
"இன்னாம்மா, கட்ச்சு வச்ச வடை மாதிரி கீது."
பழைய மீனைக் கொண்டுவந்து
கடித்த இடத்தில் வைத்தேன், சரியாக உட்கார்ந்தது.
அப்புறம் ஏன் அதைச் சொடுக்கினேனோ,
புள்ளிகள் விழித்துக்கொண்டன.
மீனின் முதுகு இவர் வட்டத்தின் வளைவு.
வயிறு அவருடையது.

சொல்லவில்லை.
வயிற்றை நேர்கோடாக்கிப் பார்த்தேன்.
மூணு நாள் பட்டினி கிடந்த மீன்.
"வோணாம், பழசே போடு."
திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
ஹெல்மெட்டுக்குள்ளே என்ன முகமோ.

மேல் வட்டத்தை நான் அழிக்கவில்லை.
நிறத்தை மட்டும் எடுத்தேன், கோட்டையும் வெறுமையாக்கினேன்.
என்றாவது கேட்டால் இருக்கட்டுமே என்று.
அது என் புத்தி.
கட்டருக்கு நிறம் தெரியாது,
கோடு இருந்தால் வெட்டும்.
முதல் ஷீட்டில் கத்தி
மீனைச் சுற்றிவிட்டு மேலே ஏறி
யாருக்கும் தெரியாத ஒரு வட்டத்தை
முழுசாகப் போட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன்.

நிறுத்தினேன். அழித்தேன்.
மீதி ஐம்பத்தொன்பதும் சரியாக வந்தன.
வீணான ஷீட்டைக் குப்பைக்குச் சுருட்டினேன்.
"அத்தையும் குட்த்துடு" என்றார்,
"காசு குட்த்தாச்சுல்ல."

ஸ்கூட்டர் பெட்டிக்குள் அது போகவில்லை.
காலிடுக்கில் நிற்க வைத்துக்கொண்டு
கல்மண்டபம் பக்கம் திரும்பினார்.