மீன்முள் வாய்க்கால்

தொண்டியக்காட்டுக்குத் தெற்கே வெட்டிய வாய்க்கால்
வானத்திலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரியாம்.
நான் பார்த்தது குனிந்துதான்.
நடுமுள் நானும் செபத்தியானும்,
பக்கமுள் வைரக்கண்ணுவும் அவள் கொழுந்தனும்,
மீட்டர் கணக்கில் கூலி.
உப்பு பூத்த தரை;
மண்வெட்டி பட்டால் பொரி மெல்லுகிற சத்தம்.

மூன்றாம் வருஷம்
ஏத்தத் தண்ணீர் கடைசி முள்வரை போயிற்று.
அலையாத்திக் கன்று முழங்கால் உயரம்,
அதன் மூச்சுவேர்களுக்கிடையே நண்டு,
நண்டுக்காக உள்ளான்.
ஆபீசர் வந்து படமெடுத்துப் போனார்.

இந்த வருஷம் கோரையாறு
நல்ல தண்ணீர் கொண்டுவரவில்லை.
முள்ளெல்லாம் சேறு.
தூர்வார நிதி அடுத்த மார்ச்சுக்குப் பிறகாம்.

நேற்று வற்றத்தில் நடந்துபோகையில்
செபத்தியான் குனிந்து
இரு கையாலும் சேறள்ளிக்
கரையில் வைத்தான்.
மறுபடி குனிந்தான்.
"என்னடா?" என்றேன்.
"நான் கூலி வாங்கின மீட்டர் இது."