நாற்பத்து மூன்று

அரசரடி ரயில்வே மைதானத்தில்
ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது.
தேசிய அணி. பதினேழு வயதுக்குள். பெண்கள்.
நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.
எடுக்கப்போவது இரண்டோ மூன்றோ.
சில வருடம் ஒருத்தியும் இல்லை.

என் கையில் அட்டை, அட்டையில் படிவம்.
வேகம். முதல் தொடுதல். இடம் பார்த்தல்.
பந்து தன்னிடம் இல்லாதபோது என்ன செய்கிறாள்.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு மனப்பாங்கு.
அதில் எல்லோருக்கும் ஏழு போட்டுவிடுவேன்.
ஆறு கிலோமீட்டர் ஓடி முடித்துத்
தண்ணீர் கிடைக்காமல் நிற்கிறவளின் மனதுக்கு
மார்க் போட எனக்கென்ன தெரியும்.

மற்ற நாட்களில் நான் டிக்கெட் பரிசோதகர்.
செங்கோட்டை பாசஞ்சரில் அரை டிக்கெட்டை நீட்டுவார்கள்.
"பையனுக்கு என்ன வயசு?"
"பதினொண்ணுதான் மேடம், ஆளுதான் வளத்தி."
பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.
மீசை அரும்பிய பதினொன்றுகள் எத்தனையோ
என்னைத் தாண்டி ராஜபாளையத்தில் இறங்கியிருக்கின்றன.

நாற்பத்து மூன்றாம் எண்காரி
முதல் பத்து நிமிடம் ஒன்றுமே செய்யவில்லை.
பிறகு, பந்து வருமுன்,
காளவாசல் சிக்னலில் ரோட்டைக் கடக்கிறவள்போல
தோளுக்கு மேலே ஒரு பார்வை.
காலில் பட்ட பந்தை
யாருமே இல்லாத இடத்துக்குத் தள்ளினாள்.
பக்கத்தில் பீர்முகமது, "போச்சு" என்றார்.
இரண்டு நொடி கழித்து அந்த இடத்தில் ஒருத்தி இருந்தாள்.

கோவாவிலிருந்து வந்திருந்த ரொசாரியோ
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.
அவர் கழற்றி நான் பார்த்ததில்லை.
"யார் அது?"
"அங்காளேஸ்வரி. எழுமலை."
பெயரை அவரால் சொல்ல முடியவில்லை,
எண்ணை எழுதிக்கொண்டார்.
அப்புறம் அவளே
திறந்து கிடந்த கோலுக்கு மேலே
வேப்பமரத்துக்கு அடித்தாள் ஒன்று.
கெட்ட வார்த்தை சொன்னாள். தெளிவாகக் கேட்டது.
நான் ஒன்பது போட்டேன். ஒன்பது, ஒன்பது, எட்டு.

மதியம் பைபாஸ் ரோட்டு ஸ்கேன் சென்டர்.
தேறிய ஒன்பது பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில்.
இடது மணிக்கட்டு மட்டும் போதும்.
டியூப் லைட்டில் பிடித்துக் காட்டினார் டாக்டர்:
எட்டுப் பேருக்கு எலும்பின் நுனியில்
கறுப்பாக ஒரு கோடு, இன்னும் வளரும் என்று.
அவளுக்குக் கோடு மூடிவிட்டது.
சான்றிதழில் பதினைந்து வருடம் பத்து மாதம்.
"சிலருக்குச் சீக்கிரமே மூடும்" என்றார் டாக்டர்,
"ஆனா விதி, படத்தைத்தான் நம்பும்."
ரொசாரியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

சொல்லும் வேலை எனக்கு. தமிழ் தெரிந்தவள் நான்தானே.
வாசலில் கரும்புச்சாறு வண்டி மணி அடித்துக்கொண்டிருந்தது.
அவள் அழவில்லை.
"கை எலும்பைப் பாத்து
காலுக்கு எப்படி மேடம் மார்க்கு போடுவீங்க?"

பதில் இருக்கிறது, சுற்றறிக்கை எண்ணோடு.
சொல்லவில்லை.
என் பணிப் பதிவேட்டில் பிறந்த தேதி ஜூன் இரண்டு.
நான் பிறந்தது கார்த்திகையில், அடைமழையில்,
அதற்கும் முந்தைய வருடம்.
எங்கள் காலத்தில் எக்ஸ்ரே இல்லை.
அந்தத் தேதியோடுதான் ஆடினேன்,
அந்தத் தேதிதான் சம்பளம் வாங்குகிறது.

மேல்சட்டை எண்ணைக் கழற்றி
நான்காக மடித்துக் கொடுத்தாள்.
குத்தியிருந்த ஊக்குகளை என் உள்ளங்கையில்
ஒவ்வொன்றாக வைத்தாள், நாலு.
எழுமலை பஸ்ஸுக்கு நடந்தவள் பாதியில் திரும்பி வந்து,
"இதுல ஒண்ணு என்னோடது" என்று
துருப்பிடித்ததைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள்.

படிவம் பையில் இருக்கிறது.
கடைசிக் கட்டம் மட்டும் காலி.
நாளைக்குள் அனுப்ப வேண்டும்.