விடுப்பு நாளில் ஃபெரி

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு
இன்று டிக்கெட் எடுத்துப் போகிறேன்.
மேல்தளத்தில் காற்று காதை நிரப்புகிறது.
"அப்பா, ஓபோர்-ஓபோர்!"
கம்பியில் தொங்கிக்கொண்டு கவிமலர்.

பதினோரு வருடம் இதே நீரிணை.
எனக்குத் தெரிந்த கடல்
குழாயில் வரும், இயந்திரத்தைச் சுற்றும்,
வெதுவெதுப்பாய் வெளியே போகும்.
அழுத்தம் குறைந்தால் வடிகட்டியைத் திறப்பேன்:
ஜெல்லி மீன், கண்ணாடிக் கூழாக.
கையுறையால் வழித்து வாளியில் போடுவேன்.
அவளிடம் சொல்லவில்லை.

"எவ்வளவு அழகு" என்கிறாள்.
ஆமாம் என்கிறேன்.

செருப்பைத் தாண்டிப் பாதத்தில் ஏறுகிறது
இரண்டாம் சிலிண்டரின் தட்டல்.
கீழே ஹாலிமுக்குக் கேட்டிருக்குமா?
போன் செய்யலாம்;
அங்கே சிக்னல் கிடையாது.

பாலத்தைப் பார் என்று
கன்னத்தைப் பிடித்துத் திருப்புகிறாள்.
பார்க்கிறேன்.
ஒன்று, மூன்று, நான்கு சரி.
இரண்டு...