நாற்பத்தோராம் பிரதிநிதி

கானாடுகாத்தானில் ஒரு வீட்டை
ஐந்து நாளைக்கு ஜூரிச் ஆக்கியிருந்தார்கள்.
பர்மாத் தேக்குத் தூண்களுக்குப் பின்னால்
தெர்மக்கோல் பனி.
நிலைக்கு மேலிருந்த கஜலட்சுமியை மட்டும்
கறுப்புத் துணியால் மூடிவிட்டார்கள்,
சுவிட்சர்லாந்தில் அவள் இல்லை என்பதால்.

நான் உலகக் கால்பந்துப் பேரவையின்
நாற்பத்தோராம் பிரதிநிதி.
பெயர் கிடையாது. வசனம் கிடையாது.
ஏதோ ஒரு தீவுக்கு ஓட்டு இருக்கிறது,
அந்தத் தீவு நான்.
வாடகைக் கோட்டின் உள்பையில்
எவனோ மாப்பிள்ளையின் பாக்குப் பொட்டலம்.

துணைத்தலைவர் கை குலுக்குவார்.
(நிஜத்தில் விருகம்பாக்கம், சர்க்கரை வியாதி.)
குலுக்கும் கையில் உறை இருக்கும்.
பார்க்காமல் வாங்கி நெஞ்சோடு வைக்க வேண்டும்.
அடுத்த ஷாட்டில்
மைதானமே இல்லாத ஒரு நாட்டுக்கு
உலகக் கோப்பை போய்விடும்.

முன்னால் போன மூவருக்கும் வரவில்லை.
ஒருவர் உறையைப் பார்த்தார்.
ஒருவர் கும்பிட்டார்.
புதுவயல் அரிசி ஆலைக் கணக்கர்
பிரித்து எண்ணவே தொடங்கிவிட்டார்.

நான் ஒரே டேக்.
மானிட்டரை விட்டு எழுந்து வந்தாள் இயக்குநர்.
"கை போனதே தெரியலை சார். நாடகக்காரரா?"
லைன்ஸ்மேன் என்றேன்.
"ஓ, கரண்ட் ஆபீஸா?"
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தொண்ணூற்றாறு. காரைக்குடி. இறுதி ஆட்டம்.
ஒன்றுக்கு ஒன்று, மூன்று நிமிஷம் பாக்கி.
பந்து கிளம்பியபோது
இளையான்குடிப் பையன் சிக்கந்தர்
தன் பாதியில்தான் நின்றான்,
சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு முழம்.
வலை ஆடியது.
என் கொடியும் ஆடியது.
கூட்டம் செருப்பு வீசியது.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
கணக்கு வாத்தியாரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்,
தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று.

முந்தின ராத்திரி, கல்லுக்கட்டியில் ஒரு மாடி.
நாலாயிரத்து ஐந்நூறு.
ஆஸ்பத்திரிச் செலவு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
வாங்கியது கலர் டிவி.
அதில்தான் தொண்ணூற்றெட்டு உலகக் கோப்பையை
விடிய விடியப் பார்த்தேன்,
ஆப்சைடு கொடுக்கும்போதெல்லாம்
சத்தத்தைக் குறைத்து.

மத்தியானம் உறையைப் பிரித்துப் பார்த்தேன்.
பழைய பாடப்புத்தகத்தை நோட்டு அளவுக்கு வெட்டியிருந்தார்கள்.
மேல் தாளில்
தவளையின் இதயம், மூன்று அறைகளோடு.

சாயங்காலம் ஆள் சேர்க்கிற வெள்ளைச்சாமி
எண்ணூறுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு
அறுநூறு கொடுத்தான்.
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நான் எண்ணவில்லை.
இருவருக்கும் ஒரே டேக்.

சிக்கந்தர் துபாயில் கிரேன் ஓட்டுகிறானாம்.
தொடர் வந்தால், ஷிப்டு முடிந்து
போனில் பார்க்கிறவர்களில் அவனும் இருக்கலாம்.
என் முகம் மொத்தம் இரண்டு விநாடி என்றாள் அந்தப் பெண்.
இரண்டு விநாடிதான்.
நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்
நிறைய.