எட்டு மாதம் கழித்து

காலை எட்டேகால் விரிவுரையில்
இருநூறு இருக்கைக்குப் பதினேழு பேர்.
மார்பூர்க்கின் மற்ற மருத்துவ மாணவர்கள்
போர்வைக்குள் படிக்கிறோம்.

கல்லீரல் சொல்லித்தருபவரை
ஒன்றே முக்கால் மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறேன்.
எந்த ஊர்க்காரரோ, தெரியாது.
மூச்சே விடாமல்
மீன் ஏலம் போடுகிறவர் மாதிரி
நொதிகளைக் கூவுகிறார்.

சந்தா நான்கு பேருக்குச் சேர்த்து ஒன்று.
கடவுச்சொல், வீப்கேயின் செத்துப்போன நாயின் பெயர்.
நான் உள்ளே நுழைந்தால்
யானிக் வெளியே விழுவான்.
சமையலறையிலிருந்து வசவு கேட்கும்.

அப்புறம் அட்டைகள்.
ஏழாம் எண் பேருந்து
லான் ஆற்றைவிட்டு மலையேறி முடிப்பதற்குள்
கட்டைவிரலால் நாற்பது தள்ளிவிடலாம்.
தெரிந்ததை ஒத்திப்போடும்,
தெரியாததை மறுநாளே வாசலில் கொண்டுவந்து நிறுத்தும்.
கடன் கொடுத்தவனின் ஞாபகம் அந்தச் செயலிக்கு.

'வலியில்லாத காமாலை.
விலா எலும்புக்குக் கீழே கையில் தட்டுப்படும் பித்தப்பை.
முதலில் எதை நினைப்பாய்?'
இந்த ஒன்றில் நான் தவறியதே இல்லை.

செவ்வாய்க்கிழமை, ஜன்னலோரக் கட்டில்.
ஹெர் ஓஸ்டர்டாக், ஐம்பத்தெட்டு,
கூரைக்குக் கற்பலகை வேய்கிறவர்.
அவர் கண்ணின் வெள்ளையை நான் பார்த்ததை
அவரும் பார்த்தார்.
கை சில்லென்று இருக்கும் என்றேன்.
"ஜனவரியில் கூரை ஏறுகிறவன், பரவாயில்லை."
மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னேன்.

இறங்கி வந்தது
என் விரல் நுனிக்கு
உருண்டையாய், வழுவழுப்பாய்.
அதற்கு மேலிருக்கும் தோல்
இத்தனை இளஞ்சூடாக இருக்குமென்று
எந்தக் காணொளியும் சொல்லவில்லை.

வலிக்கிறதா?
கொஞ்சங்கூட இல்லை என்றார், நிம்மதியாக.
வலிக்க வேண்டுமே என்று
நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

இரவு அதே அட்டை வந்தது.
பழகிய விரல்
'சுலபம்' என்ற பொத்தானுக்குப் போய் நின்றுவிட்டது.
அதனடியில் பொடி எழுத்தில்:
எட்டு மாதம் கழித்து.

மருத்துவர் மதியம் அவரிடம் சொன்ன கணக்கு
அதைவிடக் குறைவு.

தெரியாது என்று அழுத்தினேன்.
பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது.
தெரியாது.
திரும்பவும் வந்தது.

"இது உனக்குத் தெரியுமே"
என்றாள், எட்டிப் பார்த்த வீப்கே.

நாளைக்கும் வரட்டும் என்றேன்.