இரண்டாவது மாடிக்குக் கேட்காமல்

ரெலாவ் அடுக்குமாடி, நாற்பத்தேழாம் எண் கட்டம்.
ஞாயிறு காலை ஒன்பது மணி.
சாகா காலைத் தூக்கி நிற்கிறது,
மரத்தைக் கண்ட நாய்போல,
ஆனால் முன்காலை.

மூன்று வாரமாக ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ‘கடக்’.
ஜெலுத்தோங் பட்டறைக்காரன் காதைக் கொடுத்துக் கேட்டான்,
அறுநூற்று எண்பது வெள்ளி என்றான்.
கிராண்டில் அண்ணன் பெயர்,
அண்ணன் ஜொகூர்பாருவில்,
மாதத் தவணை மட்டும் என்னிடம்.
அறுநூற்று எண்பதா?
ஹாஃப்கட் கடையில் பேரம் பேசி
ஸ்பிரிங்கோடு அப்சோர்பர் நூற்றிருபது,
புது லோவர் ஆர்ம் எழுபத்தைந்து.
இம்பேக்ட் துப்பாக்கி இரவல்.
பராமரிப்புப் பிரிவு பூன் கியாட் கொடுத்தான்,
“மரையைத் தின்னுடும், பார்த்து” என்று.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள்.
இது அம்மியிடம் கேட்பதே இல்லை.
டர்ர்ர்ர்.
வீல் நட்டு நான்கும் நாலு மூச்சில்
உள்ளங்கையில், சுடச்சுட.
எனக்கே கொஞ்சம் திமிர் வந்துவிட்டது.

அதே திமிரோடு ஸ்டெபிலைசர் லிங்க்கில் வைத்தேன்.
நட்டு சுழன்றது, நடுத்தண்டும் கூடவே சுழன்றது,
கைகோத்துக் கும்மியடிப்பதுபோல.
எத்தனை வேகமாய் முடுக்கினேனோ
அத்தனை வேகமாய் ஒன்றும் நடக்கவில்லை.

அப்போது இரண்டாவது மாடி ஜன்னல் திறந்தது.
புவான் நொர்லைலா.
கத்தவில்லை. விரலை உதட்டில் வைத்தார்,
பிறகு கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தார்.
மகன் இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறான்.
எந்த ஷிஃப்ட் என்று எனக்குத் தெரியும்.
அதே தொழிற்சாலை, அதே பேருந்து.
அடுத்த வாரம் அது என் தூக்கம்.

துப்பாக்கியின் பேட்டரியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன்.

ஐந்தாம் நம்பர் ஆலன் சாவி தண்டின் குழிக்குள்.
அதை அசையாமல் இடக்கையில் பிடித்து
வலக்கையில் வளைய ஸ்பேனர்.
கால் சுற்று. எடு. மாற்று. கால் சுற்று.
எறும்பு ஒன்று என் முழங்கையைக் கடந்து
திரும்பியும் வந்தது.

நக்கிள் போல்ட் இரண்டில் கீழே உள்ளது வரமாட்டேன் என்றது.
கடற்காற்றும் அதுவும் பதினான்கு வருடப் பழக்கம்.
எண்ணெய் அடித்தேன், ஒரு கோப்பி குடித்தேன்,
துணி காயப்போடும் இரும்புக் குழாயை உருவி வந்து
பிரேக்கர் பாரில் செருகி
அறுபத்தொரு கிலோவையும் அதன் நுனியில் வைத்தேன்.
முதலில் குழாய் வளைந்தது. பிறகு நான்.
பிறகு ‘டக்’.
விரல்முட்டி டிஸ்கில் மோதித் தோல் பெயர்ந்தது.
வாய்வரை வந்த வார்த்தையை
இரண்டாவது மாடிக்காக விழுங்கினேன்.

பானெட்டுக்குள் மேல் நட்டு மூன்று.
அங்கேதான் பதினான்காம் நம்பர் சாக்கெட்
கை நழுவி எங்கோ போனது.
தரையில் பார்த்தேன், ரேடியேட்டருக்குக் கீழே பார்த்தேன்,
காந்தக் குச்சியை விட்டுத் துழாவினேன்.
பூன் கியாட்டின் செட் அது.
பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே
ஒரு குழி, காலியாக.

மீதியை ஸ்பேனரால் முடித்தேன்.

லோவர் ஆர்ம் புஷ்ஷில் ஒரு சங்கதி உண்டு.
கால் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால்
தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும்,
சீக்கிரம் கிழியும்.
அதனால் ஜாக்கை ஆர்மின் அடியில் கொடுத்து
ஸ்டாண்டைவிட்டு உடம்பு ஒரு நூல் எழும்பும்வரை ஏற்றி,
வண்டியின் கனம் அந்தக் காலில் வந்து உட்கார்ந்ததும்
அப்போது இறுக்கினேன்.
டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்றது.
காலையிலிருந்து அது ஒன்றுதான்
போதும் என்று சொன்னது.

மூன்று மணி மழைக்கு முன்னால்
சுங்கை ஆரா பக்கம் ஒரு சுற்று.
பள்ளிக்கூட மேடு. சத்தமில்லை.
சூராவ் மேடு. சத்தமில்லை.
மூன்றாவது மேட்டில்
வைப்பருக்குக் கீழே எங்கேயோ
சின்னதாய், உருண்டையாய் ஒரு ‘டிங்’.

பதினான்கு.

நான் வண்டியை நிறுத்தவில்லை.
அடுத்த மேடு எங்கே என்று தேடினேன்.