அடிக்குறிப்பில் ஒரு வீடு

யான்னினாவில் மூன்றாம் நாளாக மழை.
எது ஏரி, எது வானம் என்று
சன்னல் சொல்ல மறுக்கிறது.
சமையலறைக் குழாய் நேற்றிரவு வெடித்தது.
வாளி நிறைய நிறைய
பக்கம் புரட்டுகிறேன்:
கிரேக்க மொழி வரலாறு, மூன்றாம் தாள்.
இருமுறை தோற்ற பாடம்.

எகிப்து மணலில் கிடந்த
ஒரு பாப்பிரஸ் கடிதத்தின் படம்.
தாயெஸிஸ் என்பவள்
அண்ணன் அம்மோனாஸுக்கு எழுதியது.
முதலில் நலம் விசாரிப்பு,
பிறகு கழுதைத் தீவனத்தின் விலை,
பிறகு மை மெலியும் இடத்தில்:
“வீடு எமது. மறவாதே.”

பதிப்பித்தவர் பொடி எழுத்தில் அடியில் குறிக்கிறார்:
‘எமது’ என்பதை ‘உமது’ என்று கொள்க.

அவருக்கு யார் சொன்னது?

முதல் உயிர் மட்டுமே வேறான இரண்டு சொற்கள்.
ஒன்று வாய் திறந்து வந்தது
மற்றது இதழ் குவித்து.
திறந்த வாய் சோம்பிற்று
குவிந்த இதழ் தளர்ந்தது
நூற்றாண்டுகள் போக
இரண்டும் ஒரே ‘இ’யில் வந்து ஒண்டிக்கொண்டன.
நாங்கள் என்றாலும் நீங்கள் என்றாலும்
காதுக்கு ஒன்றுதான்.
சந்தையில் அப்படிப் பேசி
யார் யாருக்குக் கடன் தீர்ப்பது?
‘நீ’யிடமிருந்து ஒரு மெய்யைக் கிள்ளிவந்து
புதிதாய் ஒரு ‘நீங்கள்’ செய்துகொண்டார்கள்.

ஒலி கூட்டிவைத்ததை
இலக்கணம் வெட்டிவிட்டது
என்று போன தேர்வில் எழுதினேன்.
அரை மதிப்பெண். ஓரத்தில் சிவப்பில்:
“அழகு. ஆதாரம்?”

பிழைகள்தான் ஆதாரம்.
நன்றாகப் படித்தவன் எழுதியதால் பயனில்லை,
அவன் முந்நூறு வருடம் பழைய வாயால் எழுதுவான்.
எழுத்துக்கூட்டத் தெரியாத தாயெஸிஸ்தான்
தன் நாக்கை அப்படியே
மணலுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்து மணிக்கு ஸ்தேர்கியோஸ் வந்தார்,
நனைந்த தொப்பி, கையில் குறடு.

தண்ணீரை நாங்கள் இப்போது ‘நெரோ’ என்கிறோம்.
‘புதிய நீர்’ என்ற தொடரில்
நீர் கழன்று விழ
மிஞ்சிய ‘புதிய’தைக் குடிக்கிறோம்.
பழைய நீர்
இவருடைய தொழிற்பெயருக்குள் ஒளிந்து
இன்று நான்கு மாடி ஏறி வந்திருக்கிறது.
அவரிடம் சொன்னேன்.
“அப்படியா” என்றார்.
“முதலில் வால்வை மூடுங்கள்.”

சுவரை உடைக்க வேண்டுமாம்.
“வீடு யாருடையது?”

அப்பா போய்ப் பதினான்கு மாதம்.
பத்திரம் வக்கீலின் இழுப்பறையில்.
நானும் வாசோவும் இங்கே,
அண்ணன் கோஸ்மாஸ் ஸ்டுட்கார்ட்டில்.
ஈஸ்டருக்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அழைத்தேன்.
அங்கே எந்திர இரைச்சல், இங்கே மழை.
“உடைக்கட்டும். வீடு …ஆஸ் தானே” என்றான்.

மாஸ் என்றானா, சாஸ் என்றானா?
மாஸ் என்றால் நமது.
சாஸ் என்றால் உங்களது, அவன் இல்லாமல்.
எத்தனை தலைமுறை பாடுபட்டுப் பிரித்த சொற்கள்.
நடுவே நட்ட வேலி ஒரே ஒரு மெய்,
அதையும் மழை தின்றுவிட்டது.

இன்னொரு முறை சொல் என்று
நான் கேட்கவில்லை.
அவனும் உடனே வைக்கவில்லை.
எந்திரம் நிற்கும் ஓசை கேட்டது.
“அப்பாவின் கருவிப் பெட்டி அந்தச் சுவருக்குப் பின்னால்,
பார்த்து உடைக்கச் சொல்” என்றான்.

மதியம் ஸ்தேர்கியோஸ்
முழங்காலில் தாள் வைத்து ரசீது எழுதினார்.
குழாய்ப் பணி என்ற சொல்லில்
முதல் எழுத்தே தவறு.
இரு கை விரித்து நிற்க வேண்டிய உப்சிலோனுக்குப் பதில்
ஒற்றைக் குச்சியாய் ஒரு யோட்டா.
வாய் சொன்னதைக்
கை கேட்டு எழுதியிருக்கிறது.

நான் திருத்தவில்லை.
தேதி போட்டிருக்கிறாரா என்று மட்டும்
பார்த்துக்கொண்டேன்.